ரயில் இல்லாத ஊரின் ரயில் குழு

போர்ட் பிளேயரில் ரயில் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. ஆனால் அந்த ஊரில் ஒரு ரயில் குழு இருந்தது. அதற்கு இரண்டு செயலர்கள் இருந்தார்கள். அந்த இருவரில் நான் ஒருவன். இதைச் சொல்லும்போதெல்லாம் என் மருமகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். அவர் மெயின்லேண்டில் நிஜமான ரயில்வேயில் வேலை பார்த்தவர். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர் வாழ்நாளில் ஓட்டிய ரயில் எல்லாம் யாரோ போட்ட பாதையில் ஓடியது. நான் ஓட்டியது ஒரே ஒரு வண்டி, அதற்குப் பாதையும் நாங்களே போட்டோம்.

நான் கோயம்புத்தூர்க்காரன். லேத் பட்டறை சத்தத்தில் தூங்கி எழுந்து வளர்ந்தவன். படகுகளையும் சிறு கப்பல்களையும் பழுது பார்க்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பொறியாளராக அறுபதுகளின் நடுவில் அந்தமானுக்குப் போனேன். போன சூட்டோடு சூடாக அங்கிருந்த இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தில் சேர்த்துவிட்டார்கள். சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். எல்லாரும் வந்தாலும் ஒரு பெஞ்சு மிச்சம் இருக்கும். அதேபோல் ரோடு, படகு அணையும் ஜெட்டி, குவார்ட்டர்ஸ் என்று கட்டுகிறவர்களுக்குக் கட்டுமானப் பொறியாளர்கள் சங்கம் ஒன்று தனியாக இருந்தது.

இரண்டு சங்கமும் கூடுவது போர்ட் பிளேயரின் டெலானிபூர் பகுதியில் ஒரே கட்டடத்தில், ஒரே சனிக்கிழமை சாயங்காலம். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அவர்கள் தேநீர் அவர்களுக்கு, எங்கள் தேநீர் எங்களுக்கு. எங்கள் பக்கம் யாராவது, 'சிமெண்டுக்காரர்கள் காய்ந்து இறுகிய பிறகுதான் யோசிக்க ஆரம்பிப்பார்கள்' என்று சொன்னால், அந்தப் பக்கம் இருந்து ஒரு இருமல் கேட்கும். கொஞ்ச நேரத்தில், 'துருப்பிடித்தவர்களுக்கு என்ன தெரியும்' என்று பதில் வரும். தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள் இருமுவோம். இப்படியே வருஷங்கள் ஓடின.

அவர்கள் சங்கச் செயலர் திருநெல்வேலிக்காரர். மலைச்சரிவில் என் குவார்ட்டர்ஸுக்கு நேர் மேலே அவர் வீடு. என் மனைவியின் குழம்பு படியேறி அவர் வீட்டுக்குப் போகும், அவர் வீட்டுச் சொதி படியிறங்கி எங்கள் வீட்டுக்கு வரும். வீட்டில் சிரித்துப் பேசுவோம். சங்கம் என்று வந்துவிட்டால் மட்டும் நாங்கள் எலியும் பூனையும்.

கேம்பல் பேயில் முன்னாள் படைவீரர் குடும்பங்களைக் குடியேற்றத் தொடங்கியிருந்த காலம் அது. கிரேட் நிக்கோபார் தீவு. போர்ட் பிளேயரே நமக்கு உலகத்தின் ஓரம் என்றால், கேம்பல் பே அந்த ஓரத்துக்கும் ஓரம். மாதம் ஒரு கப்பல் போனால் புண்ணியம். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி எழுந்துவிட்டது, மின்சாரம்தான் இல்லை. ஆஸ்பத்திரிக்கென்று ஒரு டீசல் ஜெனரேட்டர் ஒதுக்கியிருந்தார்கள், அது போர்ட் பிளேயர் கிடங்கில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கப்பலில் ஏற்றலாம், அங்கே மிதவையில் இறக்கலாம், மர ஜெட்டியின் மேல் தூக்கியும் வைத்துவிடலாம். அதற்கப்புறம்தான் சிக்கல். நீளமான மர ஜெட்டி, அதைத் தாண்டினால் சேறு. லாரி ஏறினால் ஜெட்டியே உட்கார்ந்துவிடும். ஆள் தோளில் தூக்கும் கனமும் இல்லை அது.

ஜெட்டி முனையிலிருந்து ஜெனரேட்டர் கொட்டகை வரை ஒரு குட்டித் தண்டவாளம், அதன் மேல் ஒரு டிராலி. வழி அது ஒன்றுதான். காட்டில் மரம் இழுக்கப் போட்டிருந்த டிராம் பாதையிலிருந்து கழித்துப்போட்ட தண்டவாளங்கள் கிடைத்தன. பாதை போடுவது கட்டுமானக்காரர்கள் வேலை. டிராலி செய்வது எங்கள் வேலை. இரண்டு சங்கமும் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட்டு, நின்று முடித்துக் கொடுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. அப்படிப் பிறந்ததுதான் ரயில் குழு.

செய்தி ஒரே நாளில் ஊரெங்கும் பரவியது. டாலிகஞ்சில் மளிகைக் கடை வைத்திருந்த ராமநாதபுரத்து பாய் என்னைப் பார்த்ததும் தராசை நிறுத்திவிட்டார்.

"என்ன சார், மெட்ராஸ் மெயில் எப்ப விடுறீங்க? நமக்கு ரெண்டு டிக்கெட் எடுத்து வைங்க. ஜன்னல் சீட்டு."

"முதல்ல கேம்பல் பேயில விடறோமுங்க. அங்க வந்து ஏறிக்கங்க" என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

முதல் இரண்டு கூட்டங்கள் சண்டையிலேயே போயின. பாதையின் அகலம் இரண்டடி என்பதில் தகராறு இல்லை. எங்கிருந்து எங்கே இரண்டடி என்பதில்தான் தகராறு. படகைக் கரைக்கு இழுக்கும் சரிவுப் பாதையோ, கிரேன் ஓடும் பாதையோ, எங்கள் தொழிலில் ஒரு தண்டவாளத்தின் நடுவிலிருந்து அடுத்த தண்டவாளத்தின் நடுவுக்கு அளப்போம். அவர்கள் ரயில்வே வழக்கப்படி உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தண்டவாளத்தின் தலை அகலம், அதாவது இரண்டு விரல். அந்த இரண்டு விரலுக்காக நாங்கள் போட்ட சத்தத்தில் பிளைவுட் தடுப்பு அதிர்ந்தது. இரண்டு சங்கமும் அப்போது தடுப்புக்கு ஒரே பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம் என்பது வேறு விஷயம்.

"உலகத்துல எல்லா ரயிலும் உள்விளிம்புக்கு உள்விளிம்புதான்வே. நீரு என்ன புதுசா ரயில் கண்டுபிடிக்கீரா?" என்று கேட்டார் நெல்லைக்காரர்.

"உலகத்து ரயிலெல்லாம் இங்க வர்றதில்லீங்க. இங்க இருக்கறது எங்க வண்டி ஒண்ணுதான்" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இன்றைக்கும் அப்படித்தான், அதைப் பற்றி வருத்தப்படும் வயது தாண்டிவிட்டது.

மூன்றாவது கூட்டத்துக்குக் கேம்பல் பே ஆஸ்பத்திரியின் நர்ஸ் வந்து உட்கார்ந்தார். மருந்து வாங்கிப் போக போர்ட் பிளேயர் வந்தவர், கப்பலுக்காகக் காத்திருந்தார். நாகர்கோவில் பக்கத்துப் பெண்மணி. மெலிந்த உடம்பு, அசையாத பார்வை. நாங்கள் நடுவா விளிம்பா என்று ஆரம்பித்ததும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நின்றார்.

"அங்க நான் ஒத்த ஆளு. பிரசவம் எல்லாம் ராத்திரியிலதான் வருது. ஒரு கையில லாந்தர், ஒரு கையில பிள்ளை. கத்திரிக்கோல நான் எந்தக் கையில பிடிக்க? அத மட்டும் ரெண்டு சங்கமும் சேர்ந்து சொல்லிடுங்க. நான் போயிடுறேன்."

அவர் உட்கார்ந்தார். அடுத்த மழைக்காலம் தொடங்குவதற்கு முன் போகும் கடைசிக் கப்பலில் ஜெனரேட்டர் போகாவிட்டால், அந்த மழைக்காலம் முழுவதும் லாந்தர்தான் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். இரண்டடி என்று முடிவு செய்தோம். வரைபடத்தில் தண்டவாளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒற்றைக் கோடு, நடுவில் ஒரு அம்புக்குறி, அதன் மேல் இரண்டடி. எங்கிருந்து எங்கே என்று கேட்க அன்றைக்கு எல்லாருக்கும் வெட்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரே கெட்டிலில் தேநீர் குடித்தோம். வரலாற்றில் முதல் முறை.

வீட்டுக்கு ஏறி வரும்போது யோசித்தேன். நர்ஸம்மா பேச்சுக்கு அப்புறமும் நம் பிடியை விடாமல் இருப்பது மனுஷத்தனமா? பாதை அவர்களுடையது, ரயில் வழக்கமும் அவர்களுடையது. இந்த ஒரு முறை அவர்கள் கணக்குப்படியே போவோம் என்று தீர்மானித்தேன். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் உள்விளிம்புக்குப் பொருந்தும்படி சக்கரம் கோக்கச் சொன்னேன். இதை நெல்லைக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால், பார் உனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று பீற்றிக்கொள்வது போல ஆகிவிடுமே. அவரும் அந்த வாரமே தண்டவாளங்களோடும் ஆட்களோடும் கேம்பல் பேக்குக் கப்பலேறிவிட்டார்.

அந்தமானில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு தீவில் பாதி வேலை, இன்னொரு தீவில் மீதி வேலை. இரண்டு பாதியும் ஒன்றையொன்று முதன்முதலாகப் பார்ப்பது கப்பல் போய்ச் சேரும் அன்றுதான்.

எங்கள் டிராலி அழகாக இருந்தது. என் வாயால் சொல்லக் கூடாதுதான், சொல்கிறேன். படாக் மரச் சட்டம், பழைய படகின் இஞ்சின் தண்டிலிருந்து கடைந்த அச்சு, எங்கள் வார்ப்படப் பட்டறையிலேயே ஊற்றிய சக்கரங்கள். அதையும் ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு நானும் எங்கள் ஃபிட்டர்கள் சிலரும் அந்தக் கடைசிக் கப்பலில் போனோம். கடல் அப்போதே முறுக்கிக்கொண்டிருந்தது. கேம்பல் பேயில் நங்கூரம் போட்டதும் கேப்டன் என்னைக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, இந்தியில்தான் சொன்னார்.

"மௌசம் கராப் ஹோ ரஹா ஹை, சாப். வானம் கெட்டுக்கிட்டு வருது. நாளைக்குக் காலையில அலை இதைவிட ஏறினா நான் கிளம்பிடுவேன். உங்க மெஷின் இறங்கினாலும் சரி, இறங்காட்டாலும் சரி."

முதலில் டிராலியைக் கொண்டுபோய் ஜெட்டியில் ஏற்றினோம். குடியேறிய ஜனம் முழுவதும் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. பஞ்சாபி சர்தார்கள், மராட்டியர்கள், நம் பக்கத்துப் பழைய பட்டாளத்துக்காரர்கள், அவர்கள் குடும்பங்கள். நர்ஸம்மா வெள்ளை உடுப்பில் முன்னால் நின்றார். நெல்லைக்காரர் வெயிலில் கறுத்து, நேர்கோடாக ஓடிய தன் பாதையைப் பெருமையோடு காட்டினார். நானும் பெருமையோடு என் டிராலியைத் தூக்கி வைக்கச் சொன்னேன்.

சக்கரம் நழுவாமல் இருக்க அதன் உட்பக்கம் ஒரு விளிம்பு துருத்திக்கொண்டு இருக்கும். அது தண்டவாளத்துக்கு உள்ளே இறங்க வேண்டும். ஒரு பக்கம் இறங்கியது. மறுபக்கம் தண்டவாளத்தின் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. டிராலி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"என்னவே இது? வண்டி மேல ஏறி நிக்கி?" என்றார் நெல்லைக்காரர்.

"உங்க பாதை குறுகலா இருக்குதுங்க."

"குறுகலா? அளந்து பாரும். நடுவுக்கு நடு சுத்தமா ரெண்டடி. உம்ம கணக்குக்குத்தான்வே போட்டிருக்கேன்!"

குனிந்து அளந்தேன், அவர் சொன்னபடியேதான் இருந்தது. "என்னதுங்க? நாங்க உங்க கணக்குக்குத்தானுங்க சக்கரம் கோத்திருக்கறோம். உள்விளிம்புக்கு உள்விளிம்பு."

"உம்ம யாரு எங்க கணக்குக்குப் பண்ணச் சொன்னா?"

"ஒரு மருவாதைக்குத்தானுங்க! உங்களை யாருங்க எங்க கணக்குக்குப் போடச் சொன்னது?"

"நானும் ஒரு மரியாதைக்குத்தான்வே போட்டேன்!" என்று கத்தினார் அவர்.

விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று அவர்கள் சொல்லவில்லை. வருஷக்கணக்காகச் சண்டை போட்டபோது தப்பு நடக்கவே இல்லை. ஒரே ஒரு தடவை பெருந்தன்மையாக நடந்துகொண்டோம், வண்டி குடை சாய்ந்து நின்றது. நர்ஸம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை. கப்பலைத் திரும்பிப் பார்த்தார்.

சக்கரத்தை அச்சில் உள்ளே தள்ள ஒர்க்‌ஷாப் பிரஸ் வேண்டும், அது போர்ட் பிளேயரில் இருக்கிறது. ஆகவே தண்டவாளத்தைத்தான் நகர்த்த வேண்டும். ஒரு பக்கத் தண்டவாளத்தை ஜெட்டி முனையிலிருந்து கொட்டகை வரை மொத்தமாகப் பிடுங்கி, இரண்டு விரல் வெளியே தள்ளி, மறுபடி அடிக்க வேண்டும். நெல்லைக்காரர் தலையில் கை வைத்தார். அவரிடம் இருந்த ஆட்களுக்கு அது ஒரு வார வேலை. பிடுங்கினால் ஆணிகள் கோணிக்கொள்ளும், மாற்று ஆணி கிடையாது. பழைய துளைக்கு ஒட்டி மறுபடி ஆணி அடித்தால் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டை பிளக்கும்.

"ஆணிய எங்ககிட்டக் குடுங்க. நிமித்தித் தர்றது எங்க வேலை" என்றேன். "துளைய அடைக்கறது?"

"மரமுளை செதுக்கி அடிச்சா நிக்கும். அது எங்க வேலை. ஆளுதான் பத்தாது" என்றார்.

ஆள் பஞ்சம் உடனே தீர்ந்தது. சர்தார்கள் தலைப்பாகையை இறுக்கிக்கொண்டு கடப்பாரையைத் தூக்கினார்கள். நம் பட்டாளத்துக்காரர்கள் மரமுளை செதுக்க உட்கார்ந்தார்கள். கப்பல் இஞ்சின் அறையிலிருந்து பட்டறைக்கல்லையும் துருத்தியையும் இரவல் வாங்கி ஜெட்டியில் வைத்தோம். கேப்டன் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். கட்டுமானக்காரர்கள் ஆணியைப் பிடுங்க, எங்கள் ஃபிட்டர்கள் அதைச் சூடாக்கி நிமிர்த்த, மறுபடி அவர்களே வாங்கி அடிக்க, ஜெட்டியே ஒரு பட்டறையாகிவிட்டது. ஒரு கட்டத்தில் யார் எந்தச் சங்கம் என்றே தெரியவில்லை. எங்கள் ஃபிட்டர் சம்மட்டி அடித்தார். அவர்கள் மேஸ்திரி துருத்தி ஊதினார்.

அளவுக்குத்தான் நான் பிடிவாதமாக இருந்தேன். வாய்க்கணக்கே இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு இரும்புக் கம்பியை எங்கள் இரண்டு சக்கர விளிம்புகளின் வெளிப்பக்கத்துக்கு வெளிப்பக்கம் நேராகப் பிடித்து, ஒரு நூல் கூடுதலாக விட்டு அறுத்து, இரண்டு முனையையும் அரத்தால் ராவிக் கொடுத்தேன். நெல்லைக்காரர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்த முதுகு நிமிராமல், ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். கம்பி இடித்தால் கடப்பாரை. கம்பி ஆடினால் மறுபடி கடப்பாரை. கம்பி பொருந்தினால் சம்மட்டி. அடி, அங்குலம் என்று ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை.

லாந்தர் வெளிச்சத்தில் ராத்திரி முழுக்க வேலை ஓடியது. காலையில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கப்பல் சங்கு ஊதியது. கடைசி ஆணி இறங்கும்போதே மிதவை ஜெனரேட்டரோடு ஜெட்டியை நெருங்கிவிட்டது. மூன்று மரத்தைக் கூட்டிக் கட்டிய முக்காலியில் தொங்கிய செயின் பிளாக்கில் அதைத் தூக்கி டிராலியில் இறக்கினோம். சக்கரங்கள் நான்கும் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டன. டிராலி முனகியது, அசையவில்லை. முன்னால் ஒரு கயிறு இழுக்க, பின்னால் ஒரு கயிறு ஓடிவிடாமல் பிடிக்க.

"ஜோர் லகாகே!" என்று ஒரு சர்தார் குரல் கொடுத்தார்.

"ஹையா!"

"ஐலசா!" என்று நம் ஆட்கள் ஆரம்பித்தார்கள். இரண்டும் கலந்து ஒரு பாட்டாகிவிட்டது. வண்டி நகர்ந்தது. மழை பிடித்துக்கொண்டது. யாரும் கயிற்றை விடவில்லை. நெல்லைக்காரர் வண்டிக்குப் பக்கத்திலேயே அந்தக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. ரயிலையே பார்த்திராத பிள்ளைகள் பின்னாலேயே 'கூ' என்று ஊதிக்கொண்டு ஓடின. நான் அழுதேன். மழையில் தெரியாது என்று நினைத்தேன், எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

வண்டி கொட்டகைக்குள் போய் நின்றது. கேப்டனுக்கு மனசு இளகியிருக்க வேண்டும். எங்களை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பாமல், 'விளக்கைப் பார்த்துட்டுப் போறேன்' என்று சாயங்காலம் வரை நின்றார். அலை பெரிதாகத்தான் இருந்தது, அதை அவர் பிறகு பேசவே இல்லை. பொழுது சாயும் நேரத்தில் ஜெனரேட்டரை முடுக்கினோம். அது இருமியது, புகைந்தது, பிறகு ஒரே சீராகப் பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பல்பு எரிந்தது. வாசலில் நின்ற ஜனங்கள் கைதட்டினார்கள்.

குடியேற்றத்தைப் பார்த்துக்கொண்ட அதிகாரி எங்களிடம் வந்து கைகுலுக்கினார். "யே கிஸ்கா காம் ஹை? இது யாரோட வேலை? பாராட்டு எந்தச் சங்கத்துக்குப் போகணும்?"

நான் நெல்லைக்காரரைக் காட்டினேன். அதே நேரத்தில் அவர் என்னைக் காட்டினார்.

நர்ஸம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். "ரெண்டு பேரும் மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா? ஒரு தடவை விட்டுக்கொடுத்துப் பட்டது போதும்!"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "ஹமாரா" என்றோம், இரண்டு பேரும் சேர்ந்து. எங்களுடையது. அதிகாரி சிரித்துவிட்டார். எனக்கு வாழ்க்கையில் எத்தனையோ பாராட்டு கிடைத்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோது இருந்த பெருமை வேறு எதிலும் இல்லை.

போர்ட் பிளேயர் திரும்பிய பிறகு வந்த சனிக்கிழமை, யாரும் தீர்மானம் போடாமலேயே பிளைவுட் தடுப்பைக் கழற்றினோம். அந்தக் கம்பியை நடுச்சுவரில் மாட்டினோம். அதற்குப் பிறகு இரண்டு சங்கமும் சேர்ந்து செய்த எந்த வேலையானாலும் முதல் கேள்வி, 'எங்கிருந்து எங்கே?' சண்டையும் தொடர்ந்தது. இப்போது நேருக்கு நேர் போட்டோம், அதனால் இருமல் மிச்சமானது.

மழைக்காலம் முடிந்து கேம்பல் பேயிலிருந்து முதல் கப்பல் வந்தது. அதே கேப்டன். ஜெட்டியில் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். நர்ஸ் சொல்லி அனுப்பியதை அவர் தமிழிலேயே மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். எங்கள் பாஷை அவர் வாயில் தடுக்கித் தடுக்கி வந்தது.

"பொம்பளப் பிள்ளை. ராத்திரியில, கொட்டுற மழையில. லாந்தர ஆணியில மாட்டிட்டேன். கத்திரிக்கோல வலது கையில பிடிச்சேன்னு அந்த ரெண்டு பேர்கிட்டயும் சொல்லுங்க."

நான் படியேறி ஓடினேன், நெல்லைக்காரரிடம் சொல்ல.